வேளாண் குடும்ப வரலாற்றில் குழந்தை நோய் – கார்வேட்டிநகரம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

வேளாண் குடும்பம் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் நாடுவன நிலம் பற்றிய ஆவணங்களே. பட்டா, அடங்கல், தீர்வைக் கணக்கு, பாகப்பிரிவினைப் பத்திரம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றைக் கொண்டு நான்கைந்து தலைமுறைகளின் கொடிவழியை வரைந்துவிடலாம். ஆயினும் இவ்வாவணங்கள் நிலத்தைப் பெற்றவரை மட்டுமே பேசுகின்றன. நிலத்தைப் பெறும் வயதை எட்டாமல் மறைந்தவர்களுக்கு அவற்றில் இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளுள் 200க்கும் மேற்பட்டோர் ஓராண்டு நிறைவதற்கு முன்பே இறந்தனர் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆகவே நில ஆவணங்களைக் கொண்டு வரையப்படும் எந்தக் கொடிவழியும் பாதிக் கொடிவழியே எனலாம்.

விடுபட்ட பாதியை எங்குத் தேடுவது என்பதே இக்கட்டுரையின் வினா. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள கார்வேட்டிநகரமும் அதனைச் சூழ்ந்த பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியும் ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகின்றன. குழந்தை நோய்களுள் பெரியம்மையே இங்கு முதன்மையாக ஆராயப்படுகின்றது. நோய்ப்பெயர், ஆட்பெயர், வீட்டு வழிபாடு, நேர்த்திக்கடன் ஆகிய நான்கும் குடும்ப வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை என்பதும், அவற்றைச் சான்றாகக் கொள்வதற்குரிய எல்லைகள் எவை என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

வட்டாரமும் அதன் ஆவணங்களும்

வடவேங்கடத்திற்குத் தெற்கே, நகரி மலைகளை ஒட்டி அமைந்தது கார்வேட்டிநகரம். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் கலந்த வேளாண்மை இப்பகுதியினது. நெல், கேழ்வரகு, கரும்பு, வேர்க்கடலை ஆகியன இங்கு நெடுங்காலமாக விளைந்து வருகின்றன. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் வழங்கும் இருமொழி வட்டாரம் இது. ஆங்கிலேயர் ஆவணங்களில் பொம்மராஜ பாளையம் என்று குறிக்கப்பெறும் ஜமீன் இங்கிருந்தே ஆளப்பட்டது. 1802ஆம் ஆண்டின் நிலையான தீர்வை ஏற்பாட்டில் அது ஜமீனாக உறுதிசெய்யப்பெற்றது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாக விளங்கிய இந்நிலம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. பழைய ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணிப் பகுதி, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இதனால் ஒரே கிளையைச் சேர்ந்த வேளாண் குடும்பங்களின் பதிவுகள் இரு மாநிலங்களில், இரு மொழிகளில் சிதறின.

அரண்மனையின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. வேணுகோபாலர் மீது சாரங்கபாணி இயற்றிய தெலுங்குப் பதங்கள் இசையுலகில் இன்றும் அறியப்படுகின்றன. ஏ. எஃப். காக்ஸ் 1881இல் தொகுத்து, பின்னர் எச். ஏ. ஸ்டூவர்ட் திருத்திய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு ஜமீனின் மரபையும் வருவாயையும் கூறுகின்றது. அரண்மனைக்கு நெல் அளந்த குடும்பங்களின் வீட்டுக்குள் நடந்ததை அறிய அக்கையேடு உதவுவதில்லை.

பிறப்பு இறப்புப் பதிவேடு இக்குறையை நிரப்பும் என எதிர்பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் 1899இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஊரில் அதனைப் பேணியவர் கிராம அதிகாரியே. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எனச் சில பத்திகளுக்குள் எல்லா இறப்பும் அடக்கப்பட்டது. அம்மைக்குத் தெளிவான உடற்குறி உண்டு. ஆதலால் அது ஓரளவு சரியாகப் பதிவாயிற்று. மாந்தம், கணை, இழுப்பு எனத் தாய்மார் பிரித்தறிந்த பிற நோய்கள் பெரும்பாலும் காய்ச்சல் என்னும் ஒரே சொல்லுக்குள் மறைந்தன. பெயரிடும் சடங்கிற்கு முன்பே இறந்த குழந்தைக்கு எழுதப் பெயரும் இருந்திருக்காது. பரம்பரைக் கிராம அதிகாரி முறை தமிழ்நாட்டில் 1980இலும் ஆந்திரத்தில் 1984இலும் ஒழிக்கப்பட்டது. சமூக நோக்கில் தேவையான சீர்திருத்தம் அது. எனினும் குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகளை நினைவில் வைத்திருந்த ஒரு வகையினர் அதனுடன் மறைந்தனர் என்பதையும் ஆய்வாளர் கருத்திற் கொள்ள வேண்டும்.

இப்பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. பாணர், வைதும்பர் காலத்து வீரர்கள் பலர் சித்தூர் மாவட்டத்து வயல்வெளிகளில் இன்றும் கல்லில் நிற்கின்றனர். ஆநிரைக்காக மாண்டவனுக்குக் கல் உண்டு. அவன் வீட்டில் அம்மையால் மாண்ட குழந்தைக்குக் கல் இல்லை. குழந்தைகளை எரிக்காமல் புதைப்பதே பரவலான வழக்கம். ஆண்டுதோறும் செய்யும் நீத்தார் கடனும் அவர்களுக்கு இல்லை. எழுத்து, கல், சடங்கு ஆகிய மூன்றிலும் இடம்பெறாத இவர்களைக் குடும்பம் வேறு வழிகளில் நினைவிற் கொண்டது.

பஞ்சமும் வெப்பும்

1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் இப்பகுதி வேளாண் குடும்பங்களின் வரலாற்றில் ஒரு பிளவுக்கோடு. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 20 இலட்சமாக இருந்த வட ஆர்க்காட்டு மக்கள்தொகை, 1881இல் சுமார் 18 இலட்சமாகக் குறைந்தது. பஞ்ச நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஏறக்குறைய ஒரு பவுண்டு தானிய அளவிற்குக் குறைத்த ரிச்சர்டு டெம்பிளின் ஆணையைச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். உடல் உழைப்புக்கு அவ்வளவு போதாது என்பது அவர் வாதம். பட்டினியால் நலிந்த உடல்களை வாந்திபேதியும் அம்மையும் எளிதில் பற்றின. இப்பிணிகளுக்கு முதலில் இலக்கானோர் குழந்தைகளே.

வறட்சி, வெப்பம், அம்மை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் காணும் பார்வை தமிழ் மரபில் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, கண்ணகியின் சினத்திற்குப் பின் பாண்டிய நாட்டில் மழை வறந்து வறுமை மிக்கதையும் வெப்பு நோயும் குருவும் தொடர்ந்ததையும் கூறுகின்றது. குரு என்பது கொப்புள நோய். கண்ணகிக்கு விழா எடுத்த பின்னரே மழை பெய்து நோய் நீங்கியதாக அது தெரிவிக்கும். பெண் தெய்வத்தின் சினம், மழையின்மை, கொப்புள நோய், விழாவால் தணிதல் என்னும் இத்தொடர் கார்வேட்டிநகரம் வட்டாரத்துக் கங்கம்மா விழாக்களில் இன்றும் மாறாமல் உள்ளது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது நம்பிக்கை மட்டுமே. உழவருக்கோ அது பட்டறிவு. அம்மை மிகுதியும் தலைகாட்டியது மாசி முதல் வைகாசி வரையிலான வறண்ட மாதங்களில். ஏரி வற்றி, களத்து வேலை ஓய்ந்து, திருமணங்களுக்கும் சந்தைகளுக்கும் மக்கள் ஊர்விட்டு ஊர் செல்லும் காலம் அதுவே. மாடுகளைக் கொன்ற கொள்ளை நோய்க்கும் தமிழ் உழவர் வெக்கை என்றே பெயரிட்டனர். தொழுவத்திலும் தொட்டிலிலும் ஒரே வெப்பம் பரவுவதாக அவர்கள் கண்டனர்.

நோய்ப்பெயர்கள் தரும் சான்று

பெரியம்மையைக் குறிக்கும் சொற்கள் இவ்விருமொழி வட்டாரத்தில் ஒன்றற்கொன்று நெருக்கமாக அமைந்துள்ளன. தமிழில் அம்மை, தெலுங்கில் அம்மவாரு. இரண்டும் தாயைக் குறிப்பன. மசூசி என்னும் தெலுங்குச் சொல்லும் வைசூரி என்னும் தமிழ் வழக்கும் மருத்துவ நூல்கள் வழி வந்தவை. வீட்டுக்குள் வழங்கியவை தாய்ப்பெயர்களே. சின்னம்மையைத் தெலுங்கில் ஆடலம்மா என்பர். ஆட என்பது விளையாட்டு. தமிழிலும் விளையாட்டம்மை என்னும் பெயர் உண்டு. தமிழில் தட்டம்மை எனப்படுவது தெலுங்கில் தட்டு. எது விளையாட்டாக வந்து போவது, எது உயிரை எடுப்பது என்னும் பகுப்பு இரு மொழியிலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுள்ளது. இது கடன் வாங்கலா, பொது மரபா என்பதை உறுதிசெய்வது கடினம். ஆயினும் நோயைக் கண்டறியும் அறிவு மொழி எல்லையைக் கடந்து தாய்மாரிடையே பகிரப்பட்டது என்பதனை இச்சொற்களால் அறியமுடிகின்றது.

நோய்க் கொப்புளத்தை முத்து என்றனர். முத்து போட்டிருக்கிறது, முத்து இறங்குகிறது என்பன வீட்டு வழக்குகள். குணமானபின் நிகழும் முதல் நீராட்டு தண்ணீர் ஊற்றுதல் எனப்பட்டது. இவற்றை இடக்கரடக்கல் என்று மட்டும் கூறி அமைவது இலக்கண நோக்கு. வரலாற்று நோக்கில் இவை ஒரு நடைமுறையின் கலைச்சொற்கள். முத்து எந்நாளில் தோன்றும், எந்நாளில் நீர் கோக்கும், எந்நாளில் காயும் என்பதனை அறிந்து அதற்கேற்ப உணவையும் நீராட்டையும் முறைப்படுத்திய குடும்ப அறிவு அச்சொற்களில் பொதிந்துள்ளது. பாலவாகடம் போன்ற குழந்தை மருத்துவ நூல்கள் எழுத்தறிந்தோரிடம் வழங்கியபோது, எழுத்தறியாத வேளாண் குடும்பங்களுக்கு இச்சொற்களே வாகடமாக இருந்தன.

ஆட்பெயர்கள்: மறைத்து வைத்த அன்பு

குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் பின்னர்ப் பிறக்கும் குழந்தைக்கு இழிந்த பொருளுடைய பெயரை இடுவது தென்னிந்தியாவெங்கும் காணப்படும் வழக்கம். எட்கர் தர்ஸ்டன் முதலிய இனவரைவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைப் பதிவு செய்துள்ளனர். குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என அழைத்தனர். தெலுங்கில் இதற்கு நிகரானவை பெண்டய்யா, பெண்டம்மா. பெண்ட என்பது குப்பை. எச்சில் இலைமீது கிடத்தி எடுத்த குழந்தை புல்லய்யா அல்லது புல்லம்மா ஆயிற்று. பிச்சையெடுத்து வளர்ப்பதாகப் பாவனை செய்து பிச்சை, பிச்சைமுத்து, பிச்சய்யா எனப் பெயரிட்டனர். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்றனர். அண்டை வீட்டாரிடம் தவிட்டுக்கு விற்று மீள வாங்குவதும் உண்டு. விரும்பத்தகாத பொருளைக் கூற்றம் நாடாது என்பதே இவற்றின் உட்கருத்து.

கார்வேட்டிநகரம் வட்டாரத்தில் இவ்விரு மொழிப் பெயர்களும் அருகருகே வழங்கின. எனவே குடும்பக் கொடிவழியில் குப்பன் என்றோ பெண்டய்யா என்றோ ஒரு பெயர் வருமாயின், அப்பெயருக்கு முன்னால் எழுதப்படாத ஓர் இடைவெளி உண்டு எனக் கருதலாம். நிலப் பதிவேட்டில் உயிர்பிழைத்தவனின் பெயரே உள்ளது. அப்பெயரின் பொருளில் பிழைக்காதவர்கள் உள்ளனர். பட்டாவில் எழுதப்பட்ட ஒரு சொல் எழுதப்படாத சில இறப்புகளுக்குச் சான்றாகும் நிலை இது.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகின்றது. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது தமிழ் மரபு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. தெலுங்குக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஆகவே ஒரு தலைமுறையில் காணப்படும் குப்பன் என்னும் பெயர் அத்தலைமுறையின் இழப்பைக் காட்டுவதாகக் கொள்ளலாகாது. பாட்டனின் பெயராக அது வழிவழி வந்திருக்கலாம். குலதெய்வப் பெயர், ஊர்த்தெய்வப் பெயர் ஆகியவையும் இத்தகைய தோற்றம் தருவன. மாரிமுத்து என்ற பெயர் அம்மையிலிருந்து மீண்டமைக்கான நன்றியாகவும் இருக்கலாம். வெறும் பக்திப் பெயராகவும் இருக்கலாம். எனவே ஒரு குடும்பத்தில் அப்பெயரை முதலில் தாங்கியவர் யார் என்பதைக் கண்டறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். முதலில் தாங்கியவருக்கு அது காப்பு; பின்னர்த் தாங்கியவருக்கு அது மரபுரிமை. இழப்பின் நினைவு நிலத்தைப் போலவே வழிவழியாகக் கைமாறியது என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

குழந்தை இறப்பு மிக்க சமூகங்களில் பெற்றோர் குழந்தைகள்பால் மிகுந்த பற்றுக் கொள்ளவில்லை என்னும் கருத்தைப் பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஃபிலிப் ஆரியே 1960இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். இழப்பு உறுதி என்றிருக்கையில் பற்று வைப்பது இயலாதது என்பது அவ்வாதத்தின் சாரம். மேலைநாட்டு ஆய்வாளர் பலரே அதனைப் பின்னர் மறுத்தனர். இழிபெயர் வழக்கமும் அதற்குத் தெளிவான மறுப்பாக அமைகின்றது. பற்றில்லாத பெற்றோர்க்குக் கூற்றத்தை ஏமாற்ற வேண்டிய தேவையில்லை. ஊரார் முன்னிலையில் பிள்ளையைக் குப்பை என்று அழைப்பது, அதன் அருமையை எவரும் அறியாதபடி மறைக்கும் செயல். பெயர் எவ்வளவு இழிந்ததோ, அதற்குப் பின் இருந்த அச்சமும் அன்பும் அவ்வளவு மிகுதி.

வீட்டுத் தெய்வமும் நேர்த்திக்கடனும்

குழந்தைக்குக் காப்பு அணிவிப்பது சங்க காலத்திலேயே வழக்கில் இருந்தது. திருமாலின் ஐந்து படைக்கலன்களின் வடிவில் அமைந்த ஐம்படைத் தாலி அதற்குச் சான்று. தாலி இன்னும் களையப்படாத இளமையில் போர்க்களம் புகுந்த பாண்டியனைப் புறநானூற்றின் 77ஆம் பாடல் காட்டுகின்றது. விழுப்புண்பட்டவன் கிடக்கும் வீட்டில் இரவ மரத் தழையோடு வேம்பைச் செருகி, ஐயவி சிதறி, காஞ்சிப் பண் பாடிக் காக்கும் மனையோளை அந்நூலின் 281ஆம் பாடலில் காண்கின்றோம். அங்குக் காக்கப்படுபவன் போர் மறவன். பிற்காலத்தில் அதே வேம்பு அம்மை கண்ட குழந்தையின் வீட்டு வாயிலுக்கு வந்தது. வீட்டில் தாளிப்பதில்லை; வேற்றாரை உள்ளே விடுவதில்லை; மஞ்சளும் வேப்பிலையும் அன்றி மருந்தில்லை. நோயுற்றோரைத் தனிமைப்படுத்தும் பயன் இக்கட்டுப்பாடுகளில் ஓரளவு இருந்தது. அம்மனைக் காண வருவோரைத் தடுக்காத இடங்களில் அப்பயன் குறைந்தது என்பதும் மறுக்கவியலாதது.

பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தில் தெய்வங்களைப் பாடும்போது அவற்றின் கொலைத் தொழிலை நீக்கிப் பாடவேண்டும் எனப் பாட்டியல் நூல்கள் விதிக்கின்றன. குழந்தையின் அருகில் கொல்லும் தெய்வம் நிற்கலாகாது என்பது புலவர் மரபு. ஊர்ப்புற வேளாண் குடும்பத்தின் மரபு இதற்கு நேர்மாறானது. அங்குக் கொல்லவல்ல தெய்வமே குழந்தையின் உடலுக்குள் வந்து தங்குகின்றாள். அவளிடமே காப்பும் வேண்டப்படுகின்றது. நோயாளியின் அருகே பாடப்பெறும் மாரியம்மன் தாலாட்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பெரிய எழுத்துப் பதிப்புகளாகப் பரவிய இந்நூலில் தாலாட்டுக்கு உரியவள் தெய்வம். தன் குழந்தையைத் தாலாட்டும் அதே குரலில், குழந்தைக்குள் சினந்து நிற்கும் தெய்வத்தைத் தாய் உறங்கவைக்க முயல்கின்றாள். இலக்கிய வகைமையாகத் தாலாட்டை ஆராய்வோர் இச்சூழலையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா விழா இவ்வழிபாட்டின் பெருவடிவம். கோடையின் உச்சத்தில், மே மாதத்தில், ஒரு வாரம் நடைபெறும் இவ்விழாவில் ஆடவர் பெண்வேடம் முதலிய பல வேடங்கள் புனைந்து கோயிலுக்கு வருகின்றனர். ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இவ்விழாவை நெடுநாள் ஆராய்ந்து 2013இல் நூலாக்கியுள்ளார். கோடை நோய்களைத் தணிப்பதும் மழையை வேண்டுவதும் விழாவின் நோக்கங்கள். மகன் பிழைத்தால் வேடம் புனைவிப்பதாகத் தாய் நேர்ந்துகொள்வதும், வளர்ந்த மகன் அக்கடனைச் செலுத்துவதும் வழக்கம். இந்நேர்த்திக்கடன் ஒருவகையில் வாழ்க்கை ஆவணம். எந்த ஆண்டில், எந்தப் பிள்ளைக்கு, எந்த நோய் வந்தது என்பதனை அக்குடும்பம் விழாவின்தோறும் உடலால் எழுதிப் படிக்கின்றது. பிழைத்தவர்க்கு மட்டுமே நேர்த்திக்கடன் உண்டு என்பதால் இதுவும் முழுமையான ஆவணமன்று.

இறந்த பெண்மக்களைக் குடும்பம் வேறு வகையில் நினைத்தது. தொண்டை மண்டலத்தில் பரவலாகக் காணப்படும் பூவாடைக்காரி வழிபாட்டில், குடும்பத்தில் மறைந்த மகளிர் திருமணம் முதலிய நற்செயல்களுக்கு முன் அழைக்கப்பெறுகின்றனர். பூப்பெய்தும் முன் இறந்த சிறுமியர் கன்னித் தெய்வங்களாகப் பல வீடுகளில் வழிபடப்பெறுகின்றனர். அவர்களுக்கு உரிய சிற்றாடையும் பூவும் படைக்கப்படும். இவ்வழிபாட்டில் பெயர் மறைந்து உறவு மட்டும் எஞ்சுகின்றது. யார் அச்சிறுமி என்று வினவினால், பாட்டனின் தங்கை என்ற அளவிலேயே விடை கிடைக்கக்கூடும். ஆயினும் நில ஆவணத்தில் அறவே இல்லாத ஒருத்திக்குத் தலைமுறைகள் கடந்தும் ஆடை எடுத்துவைக்கப்படுகின்றது என்பது சிறிய செய்தியன்று.

அம்மைப்பால்

எட்வர்டு ஜென்னர் 1796இல் கண்டறிந்த தடுப்புமுறை 1802இல் இந்தியாவை அடைந்தது. அவ்வாண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. திருக்குறளுக்கு உரை வரைந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ், இம்முறையை மக்கள் ஏற்கும்பொருட்டுப் பசு அம்மை பற்றிப் புராணக் கதை வடிவில் ஒரு நூலே எழுதினார். மக்களின் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினர். தம் குழந்தையை அம்மைப் பாத்திரமாக ஊர் ஊராகக் கொண்டுசெல்வதைப் பெற்றோர் வெறுத்தனர். 1899இல் கிண்டியில் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கிங் நிலையம் எனப் பெயர்பெற்ற நிறுவனம் கன்றுகளிடமிருந்து தடுப்புப் பொருளை ஆக்கி மாகாணமெங்கும் அனுப்பியது. அதன்பின் இவ்வெறுப்புத் தணிந்தது. கட்டாயச் சட்டங்கள் முதலில் நகரங்களில் நடைமுறைக்கு வந்து மெல்லவே ஊர்ப்புறங்களை அடைந்தன. வேளாண் குடும்பங்களுக்குக் காப்புத் தாமதமாகவே கிட்டியது.

இத்தடுப்புப் பொருளுக்குத் தமிழில் வழங்கிய பெயர் அம்மைப்பால். அதனைச் செலுத்துதல் அம்மை குத்துதல். தெய்வத்தின் பெயரைக் கைவிடாமலேயே மக்கள் மருத்துவத்தை ஏற்றனர் என்பதை இச்சொல் காட்டுகின்றது. நோயும் அம்மை, நோய்க்குத் தடையும் அம்மையின் பால். நம்பிக்கை விலகிய இடத்தில் அறிவியல் நுழைந்தது என்னும் எளிய விளக்கத்திற்கு இச்சொல் இடம் தரவில்லை.

தடுப்பூசி பெறாதோரைப் பெரியம்மை தாக்கின் பத்தில் மூவர் இறந்தனர். பிழைத்தோர் பலர் தழும்பையும் சிலர் கண்ணிழப்பையும் சுமந்தனர். 1960களில் சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கவனித்த மருத்துவர் ஏ. ஆர். ராவ் 1972இல் வெளியிட்ட நூல், இந்நோய் பற்றிய உலக அளவிலான அடிப்படை நூல்களுள் ஒன்று. 1962இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாக 1975 மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் பெரியம்மை காணப்படவில்லை. 1980 மே 8ஆம் நாள் உலக நலவாழ்வுப் பேரவை அந்நோய் உலகினின்று நீங்கியதாக அறிவித்தது. முகத்தில் அம்மைத் தழும்பு உடையோர், கையில் மட்டும் குத்திய தழும்பு உடையோர், இரண்டும் இல்லாதோர் என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைத் தழும்பைக் கொண்டே பிரித்தறியலாம்.

இளம்பிள்ளை வாதம்

பெரியம்மை நீங்கிய பின்னும் வேளாண் குடும்பங்களை வருத்திய நோய் இளம்பிள்ளை வாதம். இது கொல்வதைவிட முடக்குவதே மிகுதி. உழைப்பையே முதலாகக் கொண்ட குடும்பத்தில் கால் சூம்பிய பிள்ளையின் எதிர்காலம் நிலத்திலிருந்து விலகிப் பள்ளியை நோக்கியோ, தையல் முதலிய அமர்ந்து செய்யும் தொழிலை நோக்கியோ திரும்பியது. பாகப்பிரிவினையில் உடன்பிறந்தாரின் பங்கும் பொறுப்பும் மாறின. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் மேற்கொண்ட ஆய்வுகள் சொட்டு மருந்தை எத்தனை முறை, எவ்வாறு அளிக்கவேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தின. 1995 டிசம்பரில் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் அறியப்பட்டார். 2014 மார்ச் 27இல் இந்தியா இந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. முன்பே பாதிக்கப்பட்டோர்க்குத் திருப்பதியில் தேவஸ்தானத்தின் சார்பில் இயங்கும் பேர்டு மருத்துவமனை அறுவை மருத்துவம் அளித்து வந்துள்ளது. இக்குழந்தைகள் பெரும்பாலும் உயிருடன் வளர்ந்தவர்கள். தம் வரலாற்றைத் தாமே சொல்லக்கூடியவர்கள். பெரியம்மைக்கால ஆய்வில் கிட்டாத இவ்வாய்ப்பு இங்கு உண்டு.

பதிவின் சமனின்மை

கணித மேதை சீனிவாச ராமானுஜனுக்கு 1889 டிசம்பரில், இரண்டு வயது நிறையும் வேளையில், பெரியம்மை கண்டது. அவர் பிழைத்தார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்தன. இச்செய்திகள் இன்று உலகறிந்தவை. அவர்தம் குடும்பம் வேளாண் குடும்பமன்று, நிகழிடமும் கார்வேட்டிநகரமன்று. ஆயினும் இவ்வெடுத்துக்காட்டு ஓர் உண்மையை விளக்குகின்றது. உடன்பிறந்தோருள் ஒருவர் புகழடைந்ததனாலேயே இறந்த மூன்று குழந்தைகளும் வரலாற்றில் இடம்பெற்றனர். அதே ஆண்டுகளில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் அதே வகையில் இறந்த குழந்தைகளைத் தேடிச் சென்று எழுத எவர்க்கும் காரணம் இருக்கவில்லை. இழப்பு ஒன்றே, பதிவு வேறு.

முடிவுரை

வேளாண் குடும்ப வரலாற்றில் குழந்தை நோய் ஓரத்துச் செய்தியன்று என்பது இவ்வாய்வால் தெளிவாகின்றது. நோய்ப்பெயர்கள் இருமொழித் தாய்மாரின் பகிர்ந்த அறிவையும், இழிபெயர்கள் எழுதப்படாத இறப்புகளையும், நேர்த்திக்கடன் பிழைத்தோரின் வரலாற்றையும், கன்னித் தெய்வ வழிபாடு இறந்த சிறுமியரின் நினைவையும் காத்துவந்துள்ளன. இவற்றுள் ஒன்று மட்டும் சான்றாக நில்லாது. பெயரையும் வழிபாட்டையும் நில ஆவணத்தோடு ஒப்பிட்டு நோக்கும்போதே விடுபட்ட பாதி வெளிப்படும்.

2019–21ஆம் ஆண்டுகளுக்குரிய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பிறக்கும் 1000 குழந்தைகளுள் ஓராண்டுக்குள் இறப்போர் தமிழ்நாட்டில் சுமார் 19. ஆந்திரப் பிரதேசத்தில் சுமார் 30. நூறாண்டுகளுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட இது பெருமாற்றம். அச்சம் நீங்கியதனால் அச்சம் ஈன்ற பெயர்களும் நீங்குகின்றன. குப்பன், பெண்டய்யா என்னும் பெயர்களைத் தாங்கியோர் இன்று முதியோர். பலர் அப்பெயரை நாணி மாற்றிக்கொண்டுள்ளனர். அவர்தம் பெயரின் காரணத்தைக் கேட்டு எழுதிவைக்கும் காலம் குறுகியது. எல்லையின் இருபுறமும் உள்ள தமிழ், தெலுங்குத் துறைகள் இணைந்து இப்பணியை மேற்கொள்ளுமாயின், தொட்டிலோடு முடிந்த எத்தனையோ வாழ்வுகளுக்குக் கொடிவழியில் ஒரு கோடாவது கிடைக்கும்.